முதல் பதிப்பில் செத்துப்போனவர்

எதைச் சொன்னாலும் அக்காவுக்கு முடிவை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இது தெரிந்துவிட்டது. பேரையூரிலிருந்து காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தவள், கல்லுப்பட்டி தாண்டியதும் டயர் வெடித்து வண்டி நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத் தாமதத்துக்கு அதுதான் என் விளக்கம். டமாரென்று சத்தம் கேட்டது, வண்டி ஒரு பக்கமாக இழுத்தது, முன்சீட்டில் கைக்குழந்தையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னதும் அக்கா கையை நீட்டி நிறுத்தினார். மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பிள்ளைக்கு என்ன ஆச்சு? அத மொதல்ல சொல்லு."

"ஒண்ணும் ஆகலக்கா. தூங்கிட்டுத்தான் இருந்துச்சு."

"சரி. இப்பச் சொல்லு, டயரு எப்பிடி வெடிச்சுச்சு?"

பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவரைக் கடைசியாகப் பார்த்தே ஏழு வருடம் இருக்கும். இன்றைக்கும் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பிரியமில்லை, ஒரு பயம். பிரியம் அதற்குப் பின்னால்தான் வரும்.

மதுரையில் ஒரு மாடியில் மூன்று அறைகளில் நடந்த ரத்தப் பரிசோதனைக் கூடம் அது. அக்கா டெக்னீசியன். ரத்தம் எடுப்பது, கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, நோட்டில் எழுதுவது எல்லாம் அவர். நோட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் அடித்து ரிப்போர்ட்டாக எடுப்பது நான். சாயங்காலம் ஒரு டாக்டர் வந்து மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

அக்கா அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வில்லாபுரத்தில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். எங்களிடம் எங்களைப் போலவே பேசுவார், ஆனால் அணுக்களை எண்ணும்போது மட்டும் உதடு வீட்டு மொழிக்குப் போய்விடும். அந்த முணுமுணுப்பு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு எல்லாம் நல்லபடி. நடுவில் நின்றுவிட்டால், கண்ணாடியில் ஏதோ கெட்டது தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருக்கும் எனக்கும் கை நின்றுவிடும்.

பயத்தை அவர் மறைத்ததே இல்லை. தம்பி போன் செய்வதற்கு முன்னால் 'ஒன்றுமில்லை' என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டுத்தான் கூப்பிடுவார். அனுப்பாமல் கூப்பிட்டுவிட்டால் அக்கா போனை எடுக்க மாட்டார், என்னை எடுக்கச் சொல்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கீழே டீக்கடையில் யாராவது சத்தம் போட்டால், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் வேலையும் என்னுடையதுதான். சண்டை முடிந்து எல்லாரும் கலைந்தபிறகு, யார் ஜெயித்தார் என்று தெரிந்துகொண்டு, ஆரம்பத்திலிருந்து கேட்பார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் ஒரு தடிப் புத்தகத்தை எடுப்பார். பிரவுன் அட்டை போட்டு, மேலே பிளாஸ்டிக் உறையும் போட்டிருக்கும். ஏதோ மருத்துவப் புத்தகம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தால் பளபளவென்று ஒரு விண்வெளிக் கப்பலின் குறுக்குவெட்டுப் படம்.

அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி.யில் ஓர் ஆங்கிலத் தொடர் வந்ததாம். வீட்டுக்குத் திரும்பும் வழியைத் தொலைத்துவிட்ட ஒரு பெரிய கப்பல், அதற்குள் வாழ்கிற மனிதர்கள். பாதி வசனம் புரியாது, ஆனாலும் ஒரு வாரம்கூடத் தவறவிட மாட்டாராம். ஒரு ஞாயிறு, கப்பலின் சுவர் பிளந்து பன்னிரண்டு பேர் ஓர் அறைக்குள் அடைபட்டுப்போனார்கள். காற்று தீர்ந்துகொண்டே வந்தது. 'தொடரும்' என்று போட்டார்கள். அடுத்த ஞாயிறு அந்த நேரத்தில் வேறு நிகழ்ச்சி வந்தது. அதற்கப்புறம் அந்தத் தொடர் திரும்ப வரவே இல்லை.

"அந்தப் பன்னெண்டு பேரும் எனக்குள்ளயே மூச்சு முட்டிக்கிட்டுக் கெடந்தாங்க புள்ள. ஏழு வருசம்," என்றார் அக்கா.

ஏழு வருடம் கழித்து ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தத் தொடரைப் பற்றிய தகவல் களஞ்சியம் ஒன்று கையில் கிடைத்திருக்கிறது. ஆட்கள், கப்பல்கள், கிரகங்கள் எல்லாம் அகர வரிசையில். கடைசியில் ஒவ்வொரு வாரத்துக் கதையும் ஒரு பத்தியில். அக்கா கடையில் நின்றபடியே தேடிப் படித்தாராம். பத்துப் பேர் பிழைத்துவிட்டார்கள், இரண்டு பேர் இறந்துபோனார்கள். கடைக்காரர் தண்ணீர் கொடுக்கும் அளவுக்கு அழுதிருக்கிறார். ஆனால் அன்றைக்குத்தான் மூச்சு வந்தது என்றார்.

வெளிநாட்டில் அந்தத் தொடர் நடிகர்களை மாற்றி மாற்றி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சில வருடத்துக்கு ஒருமுறை களஞ்சியமும் பெருத்துப் புதுப் பதிப்பாக வரும். உறவுக்காரர்கள் யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தால் அக்கா கேட்கிற ஒரே பொருள் அதுதான். அவருடைய மாடி அறை பீரோவில் சேலைகள் ஒரு தட்டில் ஒதுங்கியிருக்க, மற்ற தட்டுகளில் பதினொரு புத்தகங்கள் படுத்துக்கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இப்போது எல்லா வாரத்தையும் போனிலேயே பார்க்கலாமே, எதற்கு இது என்று கேட்டேன். பார்ப்பாராம். ஆனால் முதலில் புத்தகத்தில் கதையைப் படித்துவிட்டுத்தான். புத்தகத்தில் இன்னும் வராத கதைகளை அவர் பார்ப்பதே இல்லை.

அந்தப் பதினொன்றில் ஒன்றுக்குத்தான் வெளியுலகத்தில் கிராக்கி. முதல் பதிப்பு. அதில் ஒரு தப்பு இருந்தது. கப்பலின் தண்ணீர்த் தொட்டிகளைக் கவனித்துக்கொள்ளும் ஒரு கிழவர் இறந்துவிட்டார் என்று அச்சாகியிருந்தது. உண்மையில் அவர் காணாமல்தான் போயிருந்தார், பிறகு திரும்பி வருகிறார். அடுத்த பதிப்பில் திருத்திவிட்டார்கள். தப்போடு இருக்கும் பிரதிகள் கொஞ்சம்தான் என்பதால் சேகரிக்கிறவர்கள் அதற்கு அலைகிறார்கள். சென்னையிலிருந்து ஒருவர் அதைக் கேட்டு, கைக்கு உறையெல்லாம் போட்டுக்கொண்டு, வில்லாபுரம் வரை வந்தார். அன்றைக்கு நானும் இருந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. கிழவரின் பெயருக்குப் பக்கத்தில் அக்கா பென்சிலால் எழுதியிருந்தார்: 'உயிரோடு இருக்கிறார். இரண்டாம் பதிப்பைப் பார்க்கவும்.'

அந்த எழுத்தைச் சுத்தமாக அழித்துக் கொடுத்தால்கூடப் போதும் என்றார் வந்தவர். அக்கா புத்தகத்தை வாங்கி உறைக்குள் போட்டுவிட்டார். அவர் போனபிறகு என்னிடம் சொன்னார்: "தப்பாச் செத்தவனுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தியாம். நல்லா இருக்குல்ல?"

கதைதானே அக்கா என்றேன்.

"கதையா இருந்தா என்ன? ஒருத்தரு செத்துட்டாருன்னு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவ சரிபாக்க வேண்டாமா?"

அப்படிச் சொன்னபோது நான் சிரித்தேன். இரண்டு மாதத்தில் அதே தப்பை நான் செய்தேன்.

ஒரே நாளில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் பெயர் பாண்டீஸ்வரி, தகப்பன் அல்லது புருஷன் பெயரின் முதலெழுத்தும் ஒன்றே. ஒருவர் பேரையூர் பக்கம் ஒரு கிராமம், நாற்பத்திரண்டு வயது. இன்னொருத்தி திருமங்கலம், பத்தொன்பது வயது, காலேஜில் படிக்கிறவள். நோட்டில் அக்கா சரியாகத்தான் எழுதியிருந்தார். நான் அடிக்கும்போது ஒருவருடைய முடிவை இன்னொருவர் பெயரில் அடித்துவிட்டேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு குடும்பமும் வந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அரை நாள் வேலை. அக்கா வார நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி ரிப்போர்ட் நகல்களோடு ஒத்துப்பார்ப்பார். யாரும் அவரைச் செய்யச் சொன்னதில்லை. அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது. போய்ப் பார்த்தேன். ஒரு விரல் நோட்டிலும் ஒரு விரல் நகலிலும் இருந்தது.

ஒரு ரிப்போர்ட்டில் எல்லாம் சரியான அளவில் இருப்பதாக இருந்தது. இன்னொன்றில் ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்று இருந்தது. நோயிருந்த காலேஜ் பெண்ணுக்கு நல்லதும், ஒன்றுமில்லாத பேரையூர்க்காரருக்குக் கெட்டதும் போயிருந்தது.

எங்கள் தெருவில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அப்பா ஊரார் காட்டில் களை வெட்டிப் படிக்கவைத்தார். வேலை போய்விடும், போலீசுக்குப் போவார்கள், அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் முதலில் ஓடியதை மறைக்க மாட்டேன். அந்த இரண்டு பேரும் அதற்கப்புறம்தான் என் நினைவுக்கு வந்தார்கள்.

டாக்டர் வெளியூர் போயிருந்தார். முதலாளிக்குப் போன் போட்டோம். நாளைக்கு இரண்டு பேரையும் வரச்சொல்லி மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவோம், அதுவரைக்கும் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். அக்கா சரியென்று சொல்லி வைத்தார். வைத்ததும் லேப் கோட்டைக் கழற்றினார்.

பேரையூர்க்காரர் எண்ணைப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். திருமங்கலத்துக்குப் போட்டோம். அந்தப் பெண்ணின் அப்பா எடுத்தார். அக்கா பெயரைச் சொன்னதுமே அவர் குரலில் அப்படி ஒரு சந்தோசம். ரிப்போர்ட் நல்லபடியாக வந்துவிட்டதாகவும், ஒரு மாதமாக வைத்திருந்த வேண்டுதலை முடிக்கக் குடும்பத்தோடு திருப்பரங்குன்றத்துக்கு வந்திருப்பதாகவும் சொன்னார். உங்களுக்கெல்லாம் கோடிப் புண்ணியம் என்றார். சாயங்காலம் வீட்டில் இருப்பீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு அக்கா வைத்துவிட்டார்.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பையில் எப்போதும் இருக்கும் புத்தகம் மடியில் கனமாக இருந்தது. திறக்கவில்லை. சரியான ரிப்போர்ட் இரண்டையும் அதற்குள்தான் கசங்காமல் வைத்திருந்தார். நான் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மா ஏதாவது பண்ணிக்கிட்டா என்னக்கா பண்றது?"

அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் வண்டி பத்து நிமிடம் நின்றது. சின்னப் பாண்டீஸ்வரியின் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அவர்கள் கோவிலிலிருந்து வந்திருக்கக்கூடும். இங்கே இறங்கிவிடலாமா என்றேன்.

"மொதல்ல அங்க போவோம்," என்றார், முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி.

பேரையூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போனபோது உச்சி வெயில். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள், மகளுக்கு நிச்சயம் பண்ணுகிறார்கள் என்றார். திடீரென்று ராத்திரியோடு ராத்திரியாக முடிவு செய்தார்களாம்.

அக்கா ஓடினார். அந்த வயதில் அந்தக் கனத்த உடம்போடு அவர் ஓடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்குள் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெற்றிலை பாக்குத் தட்டு. சுவரோரம் ஒரு பெண் யாருடைய பட்டுச் சேலையையோ கட்டிக்கொண்டு நின்றாள். நர்சிங் முதல் வருடம் படிக்கிறவள். ரிப்போர்ட்டை அம்மாவுக்குப் படித்துச் சொன்னதே அவள்தான் என்று பிறகு தெரிந்தது. அதனால்தான் அதில் இருந்ததை அவர்கள் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

அக்கா வாசலில் நின்றபடி, மூச்சு வாங்கிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"பாண்டீஸ்வரி யாரு? ஒனக்கு ஒண்ணுமில்லம்மா. நீ நல்லாருக்க. ரிப்போர்ட்டு மாறிப்போச்சு."

அந்த மகள்தான் வந்து காகிதத்தை வாங்கினாள். இரண்டு தடவை படித்தாள். நோட்டு எண்ணைக் கேட்டாள், பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பா எழுந்து வந்தார். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். கையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் அதே கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார்.

அந்த அம்மா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தட்டை அண்ணன் பக்கம் தள்ளினார். "இப்ப வேணாம்ணே. புள்ள படிக்கட்டும்," என்றார். அப்புறம் எங்களைப் பார்த்தார்.

"அப்ப அது யாருக்கு?"

அக்கா இன்னொரு ரிப்போர்ட்டைப் புத்தகத்துக்குள் தள்ளி மூடினார். அந்த அம்மா விடவில்லை.

"எம்புட்டு வயசு?"

"பத்தொம்பது," என்றார் அக்கா.

அந்த அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்த தன் மகளைப் பார்த்தார். "இங்க நிக்காதீங்க," என்றார். "அங்க போங்க."

திருமங்கலத்துக்கு வந்துசேர நாலு மணி ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அந்தப் பெண்ணின் அப்பா தள்ளுவண்டியில் பழ வியாபாரம் செய்கிறவர். எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. அந்தத் தலையைப் பார்த்ததும் அக்கா படியில் ஒரு கணம் நின்றுவிட்டார்.

நாற்காலி போட்டார்கள். அம்மா விபூதியும் பஞ்சாமிர்தமும் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெண் உள்ளே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், உதடெல்லாம் வெளிறி. அக்கா பேச ஆரம்பித்தார்.

"புதன்கெழம நீங்க வந்தீங்கல்ல. காலையில ஒம்பதரை இருக்கும். ஊதா மூடி போட்ட குப்பியில ரத்தம் எடுத்தோம். அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. எடுத்த ரத்தத்த ஒரு கண்ணாடில ஒரு சொட்டு வச்சு இப்பிடி இழுப்போம்…"

சொல்லிக்கொண்டே போனார். சாயம் எப்படிப் போடுவது, எவ்வளவு நேரம் காயவைப்பது, நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று. அந்த அப்பா சிரித்த முகத்தோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வேலையைப் பெருமையாகச் சொல்கிறோம் என்று நினைத்திருப்பார். எனக்கு மெல்லப் புரிந்தது, அக்காவால் முடியவில்லை. எதையும் முடிவிலிருந்து தொடங்குகிற மனுஷி, ஆரம்பத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். விட்டால் பொழுது சாய்கிறவரை சொல்லிக்கொண்டிருப்பார். கடைசியில் 'ஆனா' என்ற ஒரு சொல்லுக்கு வந்து நின்றார்.

நான் சொன்னேன். அண்ணே, ரிப்போர்ட் மாறிப்போச்சு, தப்பு என்னோடது, உங்களுக்குக் குடுத்தது வேற ஒருத்தங்களோடது, தங்கச்சிக்குத்தான் ரத்தத்துல கோளாறு இருக்கு, நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒரே மூச்சில்.

அவர் கையைத் தலையில் வைத்தார். எடுத்துப் பார்த்தார், விரலெல்லாம் சந்தனம். அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கையை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். பேசியது அந்தப் பெண்தான். அம்மாவைப் பார்த்து, ஏதோ ஒரு வழக்கில் ஜெயித்தவள் மாதிரி, "பாத்தியாம்மா, நான் சோம்பேறித்தனம் பண்ணல," என்றாள். ஒரு மாதமாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறாள் என்று வீட்டில் திட்டியிருக்கிறார்கள்.

அப்போதுதான் அக்கா எழுந்தார். சின்னவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இதற்கு வைத்தியம் இருக்கிறது, பிழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒருநாள் பிந்தியதால் மோசமாகிவிடாது, காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நான் நிற்பேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முடிவு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "முப்பது வருசமா சிலைடு பாக்கேன். ஒரு ஆளு மொகத்தப் பாத்துச் சொன்னதில்ல. எழுதிக் குடுத்துட்டு அடுத்ததப் பாக்கப் போயிருவேன்."

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் வெளியே போய்ச் சொல்லிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். தான் சொன்னதை மீறி அக்கா போனதுக்காக ஒரு மாதம் அவர் அக்காவோடு பேசவில்லை. அக்காவுக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை. தினமும் நாலரைக்குக் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். நானும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போவேன். வார்டு வாசலில் கொஞ்சம் நிற்பேன். உள்ளே அந்தக் கட்டில் காலியாக இருக்குமோ என்று முதலில் கால்மாட்டைத்தான் பார்ப்பேன்.

சின்னவள் பொழுது போகாமல் ஒருநாள் அக்காவின் புத்தகத்தை வாங்கிப் படம் பார்த்தாள். அவளுக்கு முடி கொட்டிப்போயிருந்தது, வாயெல்லாம் புண். கப்பல் படத்தைக் காட்டி இதில் என்ன கதை என்று கேட்டாள். அக்கா வழக்கம்போல, "இதுல கடைசில எல்லாரும்…" என்று தொடங்கினார். அவள் அக்கா வாயில் கையை வைத்துவிட்டாள்.

"அதச் சொல்லாதீங்க. மொதல்லருந்து சொல்லுங்க."

அக்காவுக்கு அது வரவே இல்லை. பாதியில் உளறிவிடுவார், யார் பிழைப்பார் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். அவள் கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். மறுநாள் அக்கா வேறொரு கதையோடு போவார். வீட்டில் பழகிப் பார்ப்பாராம், தம்பி மனைவியை உட்காரவைத்து. மூன்றாவது மாதத்தில், அடைபட்ட அந்தப் பன்னிரண்டு பேரின் கதையை ஒரு வாரம் இழுத்துச் சொன்னார். நான் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தேன். முடிவு தெரிந்த எனக்கே மூச்சு முட்டியது.

அந்த ஆஸ்பத்திரி லேபில் அக்காவுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். முதல் சில வாரம், சின்னவளின் ரத்த அணுக் கணக்கை வீட்டுக்காரர்களுக்குத் தெரியும் முன்பே கேட்டு வாங்கிவிடுவார். கேட்டுவிட்டு வார்டுக்குள் நுழையும்போது அவர் முகத்தையே அந்த அப்பா தேடிப் பார்ப்பார். நல்ல நாளென்றால் அவருக்கும் தெரிந்துவிடும், கெட்ட நாளென்றாலும் தெரிந்துவிடும். ஒருநாள் கணக்கு மோசமாக இருந்தது. அக்கா வாசல் வரை வந்து உள்ளே போகாமல் திரும்பிவிட்டார். மறுநாள் அந்த லேபுக்குப் போய், இனிமேல் என்னிடம் எதையும் சொல்லாதீர்கள், நான் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதன்பிறகு அவர் இளைத்துப்போனார். ராத்திரி தூக்கமில்லை என்பார். மற்றவர்களைப் போல அவரும் டாக்டர் வரும்வரை காத்திருந்து, டாக்டர் முகத்தைப் பார்த்துப் பயந்து, சொன்னது புரியாமல் மறுபடி கேட்டு, அப்படியே இரண்டரை வருடம் போனது.

கடைசிப் பரிசோதனை முடிவு வரும் நாளில் நாங்கள் மூன்று பேரும் தாழ்வாரத்தில் நின்றோம். அந்த அப்பா, அக்கா, நான். சின்னவளும் அவள் அம்மாவும் கீழே மரத்தடியில் இருந்தார்கள். லேபிலிருந்து அக்காவுக்குத் தெரிந்த ஒரு அம்மா கையில் காகிதங்களோடு எங்களைக் கடந்து டாக்டர் அறைக்குப் போனார். அக்காவைப் பார்த்து நடையைக் குறைத்தார். ஒரு பார்வை போதும், சொல்லிவிடுவார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார்.

அந்த அப்பாவைக் கூப்பிட்டார்கள். போனார். வெளியே வர எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. வந்தபோது அவர் முகத்திலிருந்து எதுவும் புரியவில்லை. நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க," என்றார்.

அந்த வார்டில் இரண்டரை வருடமாக அந்த வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறோம். கைவிட்டபிறகும் அதையேதான் சொல்வார்கள். அக்கா திரும்பினார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்து, மடித்து, மறுபடி பையில் வைக்கும்வரை அக்கா எதுவும் கேட்கவில்லை.

"மூணு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டுனாப் போதுமாம்," என்றார் அவர். "இனிமே மருந்து வேணாமாம்."

அக்கா தாழ்வாரத்தின் கோடிக்கு நடந்துபோய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"பிள்ளைக்கு என்னென்ன சாப்பிடக் குடுக்கலாம்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்று அவர் தலையாட்டினார். எழுந்திருக்கப் பார்த்தார்.

"நீங்க உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, அக்காவே போய் டாக்டர் அறைக் கதவைத் தட்டினார்.